ஆழ்கடல் குழாய்ப்புழுக்கள்

ஆழ்கடல் குழாய்ப்புழுக்கள் என்பவை, தாமே சுரந்து அமைக்கும் குழாய்களுக்குள் வாழும் கடல்வாழ் முதுகெலும்பிலிகள் ஆகும். முதிர்ந்த புழுக்களுக்கு வாயோ உணவுக்குழலோ கிடையாது. மண்புழு, அட்டை ஆகியவை அடங்கிய வளையப்புழுக்கள் தொகுதியில், சிபோக்லினிடே என்னும் குடும்பமாக இவை இன்று வகைப்படுத்தப்படுகின்றன. முன்னர் இவை இரு தனித் தொகுதிகளாகக் கருதப்பட்டன.

உடலமைப்பும் உணவும்

இவற்றின் முன்முனையில் இறகு போன்ற உணர்கொம்புகள் உள்ளன. நீண்ட நடுவுடலை அடுத்து, பல கண்டங்களாகப் பிரிந்த சிறிய பின்முனை அமைந்துள்ளது. சிபோக்லினம் பேரினப் புழுக்கள் நூல் போன்று மெலிந்தவை. ரிஃப்டியா பாக்கிப்டிலா என்னும் இனமோ 1.5 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது.

ரிஃப்டியாவின் நடுவுடலில் உள்ள சிறப்புத் திசுவில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. புழுவின் ஈமோகுளோபின் ஆக்சிசனையும் ஐதரசன் சல்பைடையும் வெவ்வேறு இடங்களில் பிணைத்து அவற்றுக்குக் கொண்டு செல்கிறது. பாக்டீரியாக்கள் சல்பைடை ஆக்சிசனேற்றம் செய்து, அதில் கிடைக்கும் ஆற்றலால் கரிமப் பொருட்களை உருவாக்குகின்றன. இது வேதித்தொகுப்பு எனப்படும். புழுவுக்குத் தேவையான உணவு இவ்வாறே கிடைக்கிறது.

வகைப்பாட்டு வரலாறு

1899-1900 இல் இன்றைய இந்தோனேசியக் கடற்பகுதியில் ஆய்வு செய்த சிபோகா என்னும் டச்சுக் கப்பல் சேகரித்த புழுக்களை, பிரெஞ்சு விலங்கியலாளர் மோரிசு கோல்லரி 1914 இல் விவரித்தார். கப்பலின் பெயரே சிபோக்லினம் என்னும் பேரினப் பெயருக்கு அடிப்படையாயிற்று. 1933 இல் சோவியத் ஆய்வாளர் உசக்கோவ் விவரித்த லாமெல்லிசபெல்லா என்னும் மற்றொரு புழு வளையப்புழுவாகவே கருதப்பட்டது. ஆனால் 1937 இல் சுவீடனைச் சேர்ந்த யோகான்சன் அதனைப் போகோனோபோரா (தாடி தாங்கிகள்) என்னும் தனி வகுப்பாகப் பிரித்தார். பின்னர் அது தனித் தொகுதியாக உயர்த்தப்பட்டது. சோவியத் விலங்கியலாளர் இவானோவ் உள்ளிட்டோர் இவற்றை முதுகெலும்பிகளும் நட்சத்திரமீன்களும் அடங்கிய பெரும்பிரிவுக்கு நெருங்கியவையாகக் கருதினர்.

இப்பிழைக்கு முதன்மையான காரணம் முழுமையற்ற மாதிரிகளே ஆகும். கடலடியில் இருந்து இழுக்கப்படும்போது மெல்லிய பின்முனை அறுந்து சேற்றிலேயே தங்கிவிட்டது. 1964 இல் வெப் என்பவர் முழுமையான புழுக்களை ஆராய்ந்து, பின்முனை கண்டங்களாகப் பிரிந்திருப்பதையும் அதில் மண்புழுவில் உள்ளவை போன்ற நுண்முட்கள் இருப்பதையும் வெளியிட்டார். இவை வளையப்புழுக்களின் சிறப்புப் பண்புகள் ஆகும்.

1977 இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்றுகளில் ரிஃப்டியா கண்டறியப்பட்டது. இதனையும் இதன் உறவினங்களையும் மெரிடித் சோன்சு 1985 இல் வெசுடிமெண்டிபெரா என்னும் தனித் தொகுதியாக்கினார். எனினும் இளம் புழுக்களில் தற்காலிக உணவுக்குழல் இருப்பது பின்னர் அறியப்பட்டது. 1997 இல் மரபணு ஒப்பீடும் உடலமைப்பு ஒப்பீடும் தனித்தனியே ஒரே முடிவைத் தந்தன: இவ்விரு தொகுதிகளும் வளையப்புழுக்களுக்குள் அடங்கும். அதன்பின் கோல்லரி 1914 இல் இட்ட சிபோக்லினிடே என்னும் பழைய குடும்பப் பெயரே மீண்டும் வழக்கிற்கு வந்தது.

இன்றைய வகைப்பாடு

உலகம்: விலங்குகள்
தொகுதி: வளையப்புழுக்கள்
குடும்பம்: சிபோக்லினிடே

இக்குடும்பத்தில் நான்கு கிளைகள் உள்ளன:

* பிரெனுலேட்டா - பெரும்பாலும் சேற்றில் வாழும் மெல்லிய புழுக்கள்
* வெசுடிமெண்டிபெரா - வெந்நீர் ஊற்றுகளிலும் குளிர்க்கசிவுகளிலும் வாழும் பெரிய புழுக்கள்
* இசுக்லெரோலினம் - குளிர்க்கசிவுகள், மட்கும் மரம் போன்றவற்றில் வாழ்பவை
* ஒசெடாக்சு - இறந்த திமிங்கிலங்களின் எலும்பில் வேரூன்றி வாழ்பவை. 2004 இல் விவரிக்கப்பட்டன

இந்தியக் கடற்பகுதியில்

வங்காள விரிகுடாவின் கிருட்டிணா-கோதாவரிப் படுகையில், 900 முதல் 1,800 மீட்டர் ஆழத்தில், மீத்தேன் வெளிவரும் குளிர்க்கசிவுகள் இருப்பதை கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019 இல் அறிவித்தனர். இந்தியாவின் தனிப் பொருளாதார மண்டலத்தில் இத்தகைய உயிர்ச்சூழல் பதிவானது இதுவே முதன்முறை. அங்கு இரட்டை ஓட்டுச் சிப்பிகள், நத்தைகள் ஆகியவற்றுடன் சிபோக்லினிடே குடும்பப் புழுக்களும் கிடைத்தன. குளிர்க்கசிவுகளில் நுண்ணுயிரிகள் மீத்தேனைச் சல்பேட்டின் துணையுடன் சிதைக்கும்போது ஐதரசன் சல்பைடு உண்டாகிறது. எனவே வெந்நீர் ஊற்று இல்லாத இடத்திலும் இப்புழுக்கள் வாழ முடிகிறது.

இவற்றையும் பார்க்க

* வளையப்புழுக்கள்
* வேதித்தொகுப்பு
* மீத்தேன் ஐதரேட்டு