விலைபோகாத பாட்டு

ஒரு பாட்டின் தரத்தை விற்பனைக் கணக்கால் அளக்கும் வழக்கம் பெருகிவிட்டது. எத்தனை தட்டுகள் விற்றன, பட்டியலில் எத்தனையாவது இடம் என்று வினவுவோரே மிகுதி. பாட்டு எத்தகையது என்று வினவுவோர் அருகிவிட்டனர். அத்தகையோர்க்கு ஓர் அமெரிக்கப் பாட்டின் வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் ஊதுகுழல் பயின்று, ஜாஸ் இசையின் தலையாய வித்துவானாக உயர்ந்தவர். 1964-ல், தமது 62-வது வயதில், 'ஹலோ டாலி' என்னும் துள்ளலான பாட்டினால் பீட்டில்ஸ் குழுவினரையே முதலிடத்தினின்றும் இறக்கினார்.

1967 ஜூலையில் நியூவார்க், டெட்ராய்ட் நகரங்கள் இனக் கலவரத்தால் பற்றி எரிந்தன. அடுத்த மாதமே லாஸ் வேகாஸ் நகரில், இரவுக் கச்சேரி முடிந்த பின்னர், விடியுமட்டும் நின்று ஆம்ஸ்ட்ராங் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். உலகின் எழிலைக் கண்டு வியக்கும் அப்பாட்டின் பெயர் 'வாட் எ வொண்டர்ஃபுல் வோர்ல்ட்'. உடன் வாசித்தோர்க்குக் கூலி குறையலாகாது என்று, தமக்கு 250 டாலர் மட்டுமே பெற்றுக்கொண்டார். தட்டுக் கம்பெனியின் தலைவரோ மற்றொரு 'ஹலோ டாலி'யை எதிர்பார்த்து வந்தவர். மெல்ல நடக்கும் இப்பாட்டைக் கேட்டுச் சினந்தார். அவரை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டே பதிவை முடிக்க நேர்ந்ததாம்!

அவர் தம் கோபத்தை மறக்கவில்லை. விளம்பரமே இன்றி வெளிவந்த அத்தட்டு அமெரிக்கா முழுவதிலும் ஆயிரம் கூட விற்கவில்லை. ஆனால் அதே தட்டு, அதே குரல், கடல் கடந்து இங்கிலாந்து சென்றதும் 1968-ல் நான்கு வாரங்கள் முதலிடத்தில் வீற்றிருந்தது. அமெரிக்காவில் பாட்டு தோற்றதா, தோற்கடிக்கப்பட்டதா? வாசகர்களே தீர்மானிக்கலாம்.

குறை கூறியவர் அந்த முதலாளி மட்டுமல்லர். வெள்ளையர் முன் எப்போதும் சிரித்து நிற்பவர் என்று ஆம்ஸ்ட்ராங்கை அவரது இனத்து இளைஞருட் சிலரே இகழ்ந்தனர். இதனை நாம் ஒப்புக்கொள்ளோம். 1957-ல் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பள்ளிக்குள் நுழையாதவாறு தடுக்கப்பட்டபோது, நாட்டின் தலைவரையே வெளிப்படையாகக் கடிந்துரைத்து, அரசாங்கத்தின் சார்பிலான சோவியத் பயணத்தையும் மறுத்தவர் அவர். துயரை அறியாதவரின் சிரிப்பன்று அது. 1970-ல் அப்பாட்டை மீண்டும் பதிவு செய்கையில், உலகம் கெட்டதன்று, அதற்கு நாம் இழைப்பனவே கெட்டவை என்னும் கருத்துப்பட ஒரு முன்னுரையும் பேசிச் சேர்த்தார். மறு ஆண்டு ஜூலையில் காலமானார்.

பாட்டு காலமாகவில்லை. 1987-ல் 'குட் மார்னிங் வியட்நாம்' என்னும் திரைப்படத்தில், குண்டுகள் வீழ்ந்து மக்கள் மடியும் காட்சிகளின் மேல் அக்கரகரத்த குரல் ஒலித்தது. கண்ட கொடுமையும் கேட்ட இனிமையும் ஒன்றோடொன்று மோதிய அந்த நிமிடங்களே அமெரிக்கரின் செவியைத் திறந்தன எனலாம். 1988-ல் அத்தட்டு அந்நாட்டுப் பட்டியலில் 32-ஆம் இடத்தை எட்டியது. பாடியவர் மறைந்து அப்போது பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. படத்தின் கதையோ 1965-ல் நடப்பது. பாட்டு பிறந்ததோ 1967-ல். இப்பிழையைப் பெரிதுபடுத்தியவர் மிகச் சிலரே.