மூன்று புட்டி நீர், எட்டு மூடி சர்க்கரை, ஒரு மூடி உப்பு

வயிற்றுப்போக்கால் இறக்கும் குழந்தை பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றித்தான் இறக்கிறது. நீரும் உப்பும் போய்விடுகின்றன. கண் குழி விழுகிறது. அழுதாலும் கண்ணீர் வருவதில்லை. "பேதியா? தண்ணீரை நிறுத்து" என்று சொன்ன பாட்டிமார் நம் லயங்களிலும் இருந்தார்கள். அன்பினால் சொன்னதுதான், குழந்தைக்கோ அதுவே எமனாயிற்று.

பேதியின்போது வெறும் தண்ணீர் போதாது. அளவாகச் சர்க்கரை சேர்ந்தால், குடல் அதோடு உப்பையும் உள்ளே ஏற்றுக்கொள்ளும். உப்பைத் தொடர்ந்து நீரும் போகும். 1971-இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காள எல்லையில் உள்ள பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் போதாமற்போக, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினரே. நூற்றுக்கு 30 பேர்வரை மாண்ட முகாமில், அவரது சிகிச்சையில் இறந்தோர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

மருந்து கிடைத்துவிட்டது. மருத்துவமனை எட்டாத கிராமத்துத் தாயிடம் அதைச் சேர்ப்பது எப்படி? மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா 1982-இல் அதற்கு ஒரு வழி கண்டது. ஓர் ஆற்றின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் சிறிய நாடு அது. நிலக்கடலை விவசாயம்தான் பிழைப்பு. கிராமத்துத் தாய்மாரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகக் குறைவு. ஆனால் வானொலி அவர்கள் மொழியில் பேசிற்று.

பேசினால் மட்டும் போதுமா? பாடம் நடத்தும் நாங்கள் அறிவோம்: கரும்பலகையில் 'ஒரு லிட்டர்' என்று எழுதுவது வேறு, வீட்டில் அதை அளப்பது வேறு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. குறைந்தால் கரைசலால் பயனில்லை. எனவே அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. ஊரெங்கும் கிடைத்த ஜுல்பேர்ல் என்னும் குளிர்பானப் புட்டியையே எடுத்துக்கொண்டார்கள். மூன்று புட்டி நீர், அதன் மூடியால் எட்டு மூடி சர்க்கரை, ஒரு மூடி உப்பு. அவ்வளவுதான்! எங்களைக் கேட்டால், அந்தத் திட்டத்தின் முழு அறிவும் அந்த மூடியில்தான் இருந்தது.

இதைப் படமாக வரைந்து வண்ணத் துண்டுத்தாள்களை ஊர்தோறும் கொடுத்தார்கள். அறிவிப்பாளர் நிறத்தைச் சொல்லிச் சொல்லி விளக்க, தாளைக் கையில் வைத்திருந்த தாய் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எழுத்தறியாதவருக்கு வானொலியே வாசித்துக் காட்டிய பாடம் அது.

பிறகு வந்தது போட்டி. 72 கிராமங்களில் தாய்மார் தாளோடு வந்து, நடுவர்முன் கரைசல் கலக்கினார்கள். சரியாகக் கலக்கியவருக்கு ஒரு பிளாஸ்டிக் குவளை பரிசு. அவர்கள் பெயரைச் சீட்டுப் போட்டு, பெரிய பரிசாக வானொலிப் பெட்டிகளும் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற பெண்ணின் வீட்டில் சிவப்புக் கொடி பறந்தது. சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரி அங்கே போய்க் கேட்கலாம். வானொலியிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாதல்லவா? அந்தக் குறையைக் கொடி தீர்த்தது.

அதே காலத்தில் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராசும் வானொலியைத்தான் நம்பியது; ஆனால் அங்கே பொட்டலத்தில் வந்த உப்புக் கரைசல் மாவைப் பரப்பினார்கள். இன்று பொட்டலமே சிறந்ததென்று கொள்ளப்படுகிறது. 2004-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உப்பும் சர்க்கரையும் குறைந்த புதிய கலவையையும், கூடவே துத்தநாக மருந்தையும் பரிந்துரைத்தன.

காம்பியாவின் மூடி வேறு, நம் கடைப் புட்டியின் மூடி வேறு. ஆகவே அந்தக் கணக்கை இங்கே பின்பற்ற வேண்டாம். கிளினிக்கிலோ மருந்துக்கடையிலோ பொட்டலம் வாங்கி, அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.