பாடபேதமும் பதிப்பு வரலாறும்

திருவண்ணாமலை என்றதும் அண்ணாமலையாரும் கார்த்திகைத் தீபமும் நினைவுக்கு வருதல் இயல்பு. தமிழ் படித்தவர்க்கு மற்றுமொன்றும் நினைவுக்கு வரவேண்டும். நம்மூரிலிருந்து மேற்கே செல்லும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் செங்கம் வந்துவிடும். பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம், அவ்வூரை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. அதனை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பாடபேதங்களைப் பற்றி ஒருநாள் பேசுவது நம் வழக்கம்.

அவ்வகுப்பில் இருந்த மாணவர் ஒருவர் இன்று சென்னையில் மென்பொருள் எழுதுகிறார். சென்ற தீபத்திற்கு ஊருக்கு வந்தவர், "ஐயா, நீங்கள் அன்று நடத்திய பாடபேதந்தான் எனக்கு இன்று சோறு போடுகிறது" என்றார். விளக்கம் கேட்டோம். அவர் சொன்னதும், பின்னர் நாம் தேடிப் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பெருநிறுவனங்களின் கணக்கு, கிடங்கு, சம்பளம் யாவற்றையும் நடத்தும் எஸ்.ஏ.பி. என்னும் மென்பொருளை, ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய பொறியாளர் ஐவர் 1972இல் ஜெர்மனியில் தொடங்கினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்னும் கருவியை உருவாக்கினார். நிரலின் ஒவ்வொரு வரியும் எந்தப் பதிப்பில் நுழைந்தது, எந்தப் பதிப்பில் நீங்கியது என்பதை அது குறித்து வைத்தது. பத்தாண்டுகளுக்குப் பின் வால்டர் டிக்கி, ஆர்.சி.எஸ். என்னும் கருவியில் வேறொரு முறையைக் கையாண்டார். அண்மைப் பதிப்பு மட்டும் முழுமையாக இருக்கும். அதற்கு முந்தையதைப் பெற எவ்வெவ்வரிகளைப் பின்னோக்கி மாற்றவேண்டும் என்னும் வேறுபாடு மட்டும் சேமிக்கப்படும்.

எஸ்.ஏ.பி.யின் அபாப் மொழி நிரல்களுக்கும் இம்முறையே. நிரலர் தம் மாற்றத்தை அடுத்த கணினி அமைப்புக்கு அனுப்ப விடுவிக்கும்போது ஒரு பதிப்பு பதிவாகிறது. நாள், நேரம், மாற்றியவர் பெயர், மாற்றக் கோரிக்கையின் எண் ஆகியன உடன் நிற்கும். பதிப்புகளை மீட்டுக் காட்டும் கருவி, இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடும். வேண்டின் பழையதை மீண்டும் அரியணை ஏற்றும்.

இதைக் கேட்டபோது உ.வே.சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு நம் கண்முன் வந்து நின்றது. 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு அதனை அவர் வெளியிட்டார். அவர் பதிப்புகளின் பக்க அமைப்பை எண்ணிப் பாருங்கள்: மேலே ஒரு பாடம் முழுமையாக நிற்கும், கீழே பிரதிபேதங்கள் மட்டும் சிற்றெழுத்தில் நிற்கும். டிக்கியின் முறையும் இதுவன்றோ! குறிஞ்சிப்பாட்டில் மலர்ப்பெயர்கள் சில விடுபட்ட ஏடுகளைக் கண்டு மனம் வருந்திய ஐயர், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். தமக்குத் தோன்றிய பூக்களை இட்டு நிரப்ப அவருக்குப் புலமை இல்லாமலில்லை. அவர் அதைச் செய்யவில்லை.

மாணவர் ஓர் இழப்பையும் கூறினார். பழைய பதிப்புகள் பெரும்பாலும் நிரல் எழுதப்படும் அமைப்பில்தான் தங்கும்; நிறுவனம் அன்றாடம் பயன்படுத்தும் அமைப்புக்கு இறுதி வடிவம் மட்டுமே செல்லும். ஒருமுறை பயன்பாட்டு அமைப்பைப் படியெடுத்து, எழுதும் அமைப்பின் மேல் பதித்துவிட்டனர். நிரல்கள் யாவும் இருந்தன. அவற்றின் வரலாறு மறைந்தது. கணக்கில் ஒரு பிழை எழுந்தபோது, அவ்விதியை யார், எதற்காக மாற்றினார் என்று சொல்ல எவருமில்லை.

இந்த ஆபத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவர்களைப் பிரிக்குமுன் அவற்றிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்தனர். புதிய சுவரில் அவை மீண்டும் வெட்டப்பட்டது இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், ஏறத்தாழ கி.பி. 1026இல். கோயில் புதிதானது, ஆயினும் யார் எதைக் கொடுத்தார் என்னும் வரலாறு அழியவில்லை.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து நாம் என்ன செய்கிறோம்? சங்கப் பாடல்களைக் கணினியில் ஏற்றுகிறோம். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்று பலர் குறிப்பதில்லை. ஒருவர் தட்டச்சிட்ட பிழை நூறு இடங்களில் படியாகி, நாளடைவில் அதுவே பாடமாகிவிடுகிறது. திருத்துவது குற்றமன்று, பழையதை வைக்காமல் திருத்துவதே குற்றம். இனி நம் மாணவர்கள் ஒரு பாடலைத் தட்டச்சிட்டால், பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் கீழே ஒரு வரியில் இருத்தல் வேண்டும் என்று வகுப்பில் விதித்திருக்கிறோம். விடைபெறும்போது மாணவர் சிரித்துக்கொண்டே, "தேதியும் மாற்றியவர் பெயரும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றார். சேர்த்துக்கொண்டோம்.