நாளைய மனிதன் - பேய் இல்லாத பேய்ப்படம்

தமிழ் சினிமாவில் பேய் வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? பூசாரி, மந்திரவாதி, யாராலும் முடியாவிட்டால் நேராக சாமி! 1985-ல் வந்த 'யார்?' படத்தில்கூட சாத்தானை எதிர்க்க தெய்வ சக்திதான் தேவைப்பட்டது.

1989-ல் வேலு பிரபாகரன் எடுத்த 'நாளைய மனிதன்' இந்தப் பாதையை விட்டு விலகியது. அதில் ஆவி இல்லை, சாபம் இல்லை. இருப்பது ஒரு மருந்து. இறந்தவரைப் பிழைக்க வைக்கும் மருந்தை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார். உயிர் போன சிறிது நேரத்துக்குள் அதைச் செலுத்திவிட வேண்டும். அந்தக் கெடு தாண்டிய பிணத்துக்குள் மருந்து போகிறது... எழுந்து வருவது மனிதனாக இல்லை. டாக்டராக ஜெய்சங்கர், எழுந்து வருபவராக அஜய் ரத்னம். பிரபுவும் அமலாவும் உண்டு.

மூலவேர் எங்கே என்று சொல்லத் தேவையில்லை. மேரி ஷெல்லி 1818-ல் எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 1931-ல் ஜேம்ஸ் வேல் படமாக்கினார். அதில் உதவியாளன் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வந்துவிடுவான். தப்பு அங்கே மூளையில், இங்கே கடிகாரத்தில்.

பார்க்கப்போனால் நம்மூர்க் கற்பனைதான் மருத்துவத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. இதயம் நின்று ரத்த ஓட்டம் தடைப்பட்டால் நாலைந்து நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கும். நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்பவர்கள் பதறுவது அதனால்தான். தாமதமாகக் காப்பாற்றப்பட்டவர் பழைய ஆளாகத் திரும்புவாரா என்ற பயம் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த எல்லோருக்கும் தெரியும். படம் அந்தப் பயத்தைத்தான் ராட்சச உருவமாக்கியது. (நடுவில் வரும் வழக்கமான மசாலாவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அது வேறு விஷயம்.)

அடுத்த வருடமே, 1990-ல், 'அதிசய மனிதன்' என்று இரண்டாம் பாகம் வந்தது. நிழல்கள் ரவி, கௌதமி நடித்தார்கள். தமிழில் இரண்டாம் பாகம் என்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. போட்ட முதல் திரும்பும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அதில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

வேலு பிரபாகரன் பெரியார் வழி நாத்திகர். 1997-ல் அவர் எடுத்த படத்தின் பெயர் 'கடவுள்'. அதையும் தெரிந்துகொண்டு 'நாளைய மனிதன்' பார்த்தால், அந்தப் பிணத்தை அடக்க யாரும் ஏன் கோயிலுக்கு ஓடவில்லை என்பது புரியும்.