மின்காப்புப் பழுது கண்டறிதல்

கம்பி, கேபிள், மோட்டார் காயில் ஆகியவற்றின் மேலுறை ஈரத்தாலோ சூட்டாலோ நாட்பட்டதாலோ நலிந்து, மின்சாரம் மண்ணுக்கோ பக்கத்துக் கம்பிக்கோ கசிவது மின்காப்புப் பழுது. கசிவு உண்டா என்று அறிவது எளிது. அது எந்த இடத்தில் என்று சொல்வதுதான் கடினம். இத்துறையின் கருவிகள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவை.

இந்தியாவில் இச்சிக்கல் தந்தியோடு வந்தது. 1839இல் கல்கத்தாவில் தந்திச் சோதனை நடத்திய வில்லியம் ஓ'ஷாக்னசி, ஹூக்ளி ஆற்றைக் கடக்கும் கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, மேலே தார் தோய்ந்த நூலைச் சுற்றினார். பின்னர் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பிசின் அந்த இடத்தைப் பிடித்தது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கேபிள் போடப்பட்டது. கடலுக்கடியில் கிடப்பதை முழுக்கத் தூக்கிப் பார்த்துத் தேட முடியாது. எனவே கரை நிலையத்திலிருந்தே கம்பியின் மின்தடையை அளந்து, பழுது இருக்கும் தொலைவைக் கணக்கிட்டார்கள். அதற்கு அடிப்படை, 1843இல் பரவலாக அறிமுகமான வீட்ஸ்டன் சமனச் சுற்று.

பக்கத்தில் பழுதில்லாத இன்னொரு கம்பி இருந்தால் வேலை மேலும் துல்லியமாகும். இரண்டையும் மறுமுனையில் இணைத்து வளையமாக்கிச் சோதிக்கும் இம்முறைக்கு மர்ரே வளையச் சோதனை என்று பெயர். 400 மீட்டர் கேபிளில் வளையம் 800 மீட்டர். பழுதுபட்ட கம்பியின் முனையிலிருந்து வளையத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் சமநிலை கிடைத்தால், பழுது 160ஆவது மீட்டரில் இருக்கிறது. கசியும் இடத்தின் தடை எவ்வளவு என்பது கணக்கில் வருவதே இல்லை. அதனாலேயே இம்முறை இன்றும் வழக்கொழியவில்லை.

மின்சாரம் ஊருக்குள் வந்தபின் மழை பெரிய எதிரியானது. 1895இல் தொடங்கிய சென்னை டிராம், முதலில் சாலைக்கடியில் ஓடிய குழாய்த்தடத்திலிருந்து மின்சாரம் எடுத்தது. பருவமழை நீர் அதற்குள் புகுந்து தொல்லை தந்ததால் மேல்கம்பிக்கு மாறினார்கள்.

ஆய்வகத்தை விட்டுச் சோதனை வெளியே வரக் காரணமானவர் இங்கிலாந்தின் சிட்னி எவர்ஷெட். 1889இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியே பின்னாளில் கைப்பிடி சுழற்றும் மெக்கராக வளர்ந்தது. அந்த வணிகப் பெயர் 1903இல் பதிவானது. அழுத்தத்துக்கு ஒன்று, மின்னோட்டத்துக்கு ஒன்று என இரு காயில்கள் எதிரெதிராக முள்ளை இழுப்பதால், இரண்டின் விகிதமே அளவாகக் கிடைக்கிறது. கை சற்று வேகமாகவோ மெதுவாகவோ சுழன்றாலும் கணக்குக் கெடாது. மெக்கர் இடத்தைக் காட்டாது, அளவை மட்டுமே சொல்லும். இடத்தை அறிய இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்க வேண்டும்.

வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 732இன் பழைய பதிப்பில் புகழ்பெற்ற ஒரு விதி இருந்தது: மின்காப்புத் தடை, 50ஐப் பாயிண்ட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மெகாஓமுக்குக் குறையக் கூடாது, முழு வயரிங்குக்கும் 1 மெகாஓமுக்கு மேல் வற்புறுத்த வேண்டியதில்லை. அதன்படி 100 பாயிண்ட் உள்ள கட்டடத்துக்கு அரை மெகாஓம் போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டில் இத்தொழில் அதிகம் தேவைப்படும் இடங்களில் ஒன்று உழவுக் கிணறு. 20 லட்சத்துக்கும் மேலான பம்புசெட் இணைப்புகள் உள்ள மாநிலத்தில், செஞ்சி, அவலூர்பேட்டை போன்ற கிணற்றுப் பாசனப் பகுதிகளில் தண்ணீருக்குள் மூழ்கிய மோட்டார் எர்த் ஆவது, அதாவது மண்ணுக்குக் கசிவது, வழக்கமான தொல்லை. பெரும்பாலும் பழுதாவது மோட்டார் அல்ல, மோட்டார் வயரும் கேபிளும் சேரும் ஜாயிண்ட். மேலே இருந்தபடி மெக்கர் வைத்து, அளவு குறைந்தால் மோட்டாரை ஏற்றி, ஜாயிண்டைப் பிரித்து, கேபிளையும் மோட்டாரையும் தனித்தனியாக அளப்பார்கள். ஐயமுள்ள ஜாயிண்டை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மெக்கரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் கம்பியிலும் வைத்துப் பார்ப்பதும் உண்டு. காயில் கட்டும் பட்டறைகளில் இன்னும் சீரிஸ் லாம்ப்தான் (சோதிக்கும் சுற்றோடு தொடராக இணைத்த பல்பு) கைக்கு முதலில் வருகிறது. அதை நம்புவது ஆபத்து. 20,000 ஓம் கசிவில் 230 வோல்ட் சுமார் 11 மில்லியாம்பியரைத் தள்ளும். குண்டு பல்பு எரியாது, ஆனால் தொட்டவரின் கை பிடியை விடாமல் இறுகிப்போக அது போதும்.

புதைகேபிள்கள் மிகுந்த சென்னை போன்ற நகரங்களில் இன்று துடிப்பு எதிரொலிப்பு முறை பயன்படுகிறது. கேபிளில் அனுப்பிய மின்துடிப்பு மைக்ரோ நொடிக்கு ஏறத்தாழ 160 முதல் 170 மீட்டர் வரை பயணித்து, பழுதில் பட்டுத் திரும்பும். எடுத்த நேரத்திலிருந்து தூரம் தெரியும். கசிவின் தடை அதிகமாக இருந்தால் எதிரொலி வராது. அப்போது உயர் அழுத்தத் துடிப்பால் பழுதில் பொறி வரவழைத்து, மண்ணுக்கு மேலே ஒலிவாங்கியால் அந்த அதிர்வைக் கேட்டு இடத்தைக் குறிப்பார்கள்.

துணைமின் நிலையங்களின் 110 வோல்ட் பேட்டரிச் சுற்று, மருத்துவமனை அறுவை அரங்கின் மின்சுற்று போன்றவை வேண்டுமென்றே மண்ணோடு இணைக்கப்படாதவை. அங்கே முதல் பழுது எதையும் நிறுத்தாது. இரண்டாவது பழுது தவறான டிரிப்புக்கு (காரணமின்றி மின்சாரம் துண்டிக்கப்படுவதற்கு) வழி செய்யும். முன்பெல்லாம் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்கசிவைக் காட்டும் எர்த் விளக்கு மாறுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடும் நிலையத்தில் இது துணிச்சலான வேலை. இப்போது கையடக்கக் கருவி ஒன்று தாழ்அலைவெண் குறிகையைச் சுற்றுக்கும் மண்ணுக்கும் இடையே செலுத்துகிறது. அதன் கிளாம்பை ஒவ்வொரு கிளைக் கேபிளிலும் மாட்டி, குறிகை எங்கே வழிகிறது என்று பின்தொடர்கிறார்கள். நீண்ட கேபிளின் மின்தேக்கத் தன்மையும் அக்குறிகையைச் சிறிதளவு கடத்துவதால், நல்ல கிளையே பழுதானதாகத் தோன்றக் கூடும். மின்தடையால் வரும் கூறைப் பிரித்துக் காட்டும் கருவிகளே நம்பத்தக்கவை.