சோழிக் கணக்கும் கணிப்பொறித் தத்துவமும்

பினாங்குத் தீவில் தைப்பூசம் நெருங்குங்கால், தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்க நாள் குறிப்போர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது வழக்கம். திதியும் நட்சத்திரமும் கிரகண நேரமும் அதில் அச்சாகியுள்ளன. அவ்வெண்கள் எவ்வாறு பிறந்தன என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவைத் தொடர்ந்து செல்வோர் கணிப்பொறிக் கலையின் அடித்தள வினா ஒன்றைச் சென்றடைவர். பொருளை உணராது விதியை மட்டும் பின்பற்றி ஒருவர் உண்மையை எட்ட முடியுமா என்பதே அது.

1825 ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ‘காலசங்கலிதம்’ என்ற பெருநூலைச் சென்னையில் வெளியிட்டார். தென்னிந்திய மக்கள் காலத்தைப் பகுத்துக் கணிக்கும் முறைகளை விளக்கும் நூல் அது. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர், அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களை ஒட்டி நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். அக்கணக்கர் ஏட்டையோ எழுதுகோலையோ நாடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லி, சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் விடை கண்டார். வானியல் கோட்பாடுகளை அவர் சிறிதும் அறியார் என்றும், அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கது என்றும் வாரன் குறித்துள்ளார். விடையின் பிழை, கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

அக்கணக்கர் நெஞ்சில் இருந்தவை ‘வாக்கியங்கள்’ எனப்படும் எண் தொடர்கள். நிலவு புவிக்கு மிகச் சேய்மையில் உள்ள நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அத்தகைய நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அத்தகைய 9 சுற்றுகள் 248 நாளில் முடிகின்றன. ஆதலின் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் அமைக்கப்பட்டன. இவற்றை வரருசி இயற்றினார் என்பது மரபு. கடபயாதி என்னும் முறைப்படி இவ்வடமொழிச் சொற்களின் மெய்கள் எண்களைக் குறிக்கும். முதல் வாக்கியத்தின் எழுத்துகள் தரும் எண்கள் 3, 0, 2, 1. இவற்றை வலமிருந்து இடமாகப் படித்தால் 1203. அஃதாவது முதல் நாளில் நிலவு கடந்த தொலைவு 12 பாகை 3 கலை. இரண்டாம் வாக்கியம் 24 பாகை 9 கலை எனத் தரும். வானத்தின் ஓட்டம் இங்ஙனம் சொற்களில் அடைக்கப்பட்டது.

பண்டைய வானியலை ஆராய்ந்த ஆட்டோ நியூகெபவர் என்னும் அறிஞர், வாரனின் இக்குறிப்பை 1952 இல் தமிழ் வானியல் பற்றிய தம் கட்டுரையில் ஆராய்ந்தார். புதுச்சேரிக் கணக்கரின் முறையில், பாபிலோனியக் களிமண் பலகைகளில் காணப்படும் எண்கணித முறையின் தொடர்ச்சியை அவர் கண்டார். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு மரபு சோழிகளின் வழியே உயிரோடு இருந்தது என்பதே அவரை ஈர்த்தது.

இனி, கணிப்பொறியின் வரலாற்றுக்கு வருவோம். 1936 இல், 24 வயதினரான ஆலன் டூரிங், கணித்தல் என்பதன் இலக்கணத்தை வகுக்க முற்பட்டார். அக்காலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்னும் சொல் கணக்கிடும் மனிதரைக் குறித்தது. அத்தகைய மனிதர் செய்வதென்ன? கண்முன் உள்ள குறியைப் பார்க்கிறார், விதியை நினைக்கிறார், குறியை மாற்றுகிறார், அடுத்த இடத்திற்கு நகர்கிறார். இச்சிறு செயல்களை மட்டும் செய்யும் கற்பனைப் பொறி ஒன்றை டூரிங் அமைத்தார். விதிவழிக் கணிக்கத் தக்கவை யாவற்றையும் அப்பொறி கணிக்கும் என்றும், எந்தப் பொறியாலும் தீர்க்கவொண்ணா வினாக்களும் உள என்றும் அவர் நிறுவ முயன்றார். பின்னதை ஐயமற நிறுவினார். முன்னது கொள்கையாகவே இன்றும் நிற்கிறது. சோழிகளை நகர்த்திய புதுச்சேரிக் கணக்கர் டூரிங் விவரித்த மனிதரே ஆவார்.

இவ்விடத்தில் இயற்பியல் குறுக்கிடுகிறது. எண் என்பது எங்கேனும் ஒரு பொருளில் தங்கியாக வேண்டும்; சோழியில் தங்கலாம், மையில் தங்கலாம், மின்னூட்டத்தில் தங்கலாம். ஒரு குறியை அழிக்கும்போது ஒரு சிறு அளவு வெப்பமேனும் வெளிப்பட்டே தீரும் என்று ரால்ஃப் லாண்டவர் 1961 இல் காட்டினார். டூரிங்கின் கொள்கையைக் கணிதக் கூற்றாக மட்டும் கொள்ளாது, இயற்கையைப் பற்றிய கூற்றாகவே கொள்ளலாம் என்று டேவிட் டாய்ச் 1985 இல் வாதிட்டார். கணக்கின் எல்லையை இயற்கை விதி வகுக்கின்றதா, இயற்கையே ஒரு கணக்கா என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை.

புதுச்சேரி வாக்கியங்கள் இதற்கு ஒரு பாடம் தருகின்றன. விதி தவறாது பின்பற்றப்பட்டும் கிரகண முடிவில் 52 நிமிடப் பிழை நேர்ந்தது. விதிக்குள் நின்று அப்பிழையை அறிய வழியில்லை. வானத்தை நோக்கினால்தான் தெரியும். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணாரக் கண்டு ஆராய்ந்தே 1431 இல் ‘திருக்கணிதம்’ என்னும் திருத்த முறையை வகுத்தார். சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பஞ்சாங்கத்தையும் வானோடு பொருத்தித் திருத்த முனைந்தார். வாக்கியமா திருக்கணிதமா என்னும் வழக்கு தமிழரிடையே இன்னும் உள்ளது.

பினாங்கில் இது வெறும் ஏட்டு வழக்கன்று. ஜார்ஜ்டவுன் சென்னைக்கு ஏறத்தாழ 20 பாகை கிழக்கே உள்ளது. ஆதலின் இங்கே கதிரவன் ஏறத்தாழ 80 நிமிடம் முன்னதாக எழுகிறான். 1982 முதல் இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் இடையே இரண்டரை மணி வேறுபாடு. திதி முடியும் கணம் உலகெங்கும் ஒன்றே. கதிரவன் எழும் கணமோ ஊர்தோறும் வேறு. சென்னைக்கெனக் கணித்த எண்ணை அப்படியே இங்கு எடுத்தாள்வோர் சில நாள்களில் திதி மாறக் காண்பர். எண்ணின் பொருளை அறிந்தவரே அதைத் திருத்தவும் அறிவர்.

நினைவில் நிறுத்தும் ஆற்றலை இகழ்தல் தகாது. அதுவே ஈராயிரம் ஆண்டு மரபைக் காத்துத் தந்தது. கணிக்கும் வேலையை இன்று பொறி ஏற்றுக்கொண்டது. விதி ஏன் அவ்வாறு அமைந்தது, எங்கே அது பிழைபடும் என்று வினவும் வேலை மாணவருக்கே உரியது. அவ்வினாவை எழுப்பக் கற்பிக்கும் வகுப்பறையே சோழிக் கணக்கரின் உண்மையான வாரிசாகும்.