பாட்டும் பத்திரமும்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஏதாவது எழுதுடே, என்ஜினீயரிங் மட்டும் வேண்டாம்" என்றார். ஹாஸ்டல் மொட்டை மாடியில் முடியாமல் போன பழைய சண்டைதான் உடனே நினைவுக்கு வந்தது. வசனத்தை மடக்கி மடக்கி எழுதினால் கவிதையா என்று ஒருவன் கேட்பான். எதுகை மோனை இருந்தால்தான் கவிதை என்று இன்னொருவன் கத்துவான். மணி பன்னிரண்டு தாண்டிவிடும். இத்தனை வருஷம் கழித்து எனக்குப் பட்ட பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன். தமிழ் படித்தவர்கள் பொறுத்தருள்க.

எதுகை மோனை மட்டும் பதில் இல்லை. ஒரு காலத்தில் வைத்தியம், சோதிடம், நிகண்டு எல்லாமே பாட்டாகத்தான் இருந்தன. நம் மாவட்டத்து வர்ம ஆசான்மார் படித்த சுவடிகளும் பாட்டுதான். மனப்பாடம் செய்ய அதுதான் சௌகரியம். தொல்காப்பியரும் யாப்பின் ஏழு வகைகளில் பாட்டோடு உரையையும் சேர்த்தே எண்ணுகிறார். அப்படியானால் வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது.

சோழர் கல்வெட்டைப் பாருங்கள். முதலில் மெய்க்கீர்த்தி, அரசனின் வெற்றிகளை அகவல் ஓசையில் பாடும். அது முடிந்ததும் நடை மாறிவிடும். யார், எந்தக் கோவிலுக்கு, எவ்வளவு நிலம், நான்கெல்லை எது, எத்தனை விளக்கு என்று கணக்கு வரும். ஒரே கல், ஒரே உளி. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் அவன் காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' செய்தி வருகிறது. கலம் என்றால் கப்பலா, உண்கலமா என்று அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக வாதாடுகிறார்கள். கீழே உள்ள நில எல்லைக்கும் அப்படி இரண்டு பொருள் இருந்திருந்தால் ஊரில் அடிதடிதான்!

அந்தக் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் நம் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் ஒருவர். 1876ல் தேரூரில் பிறந்து 1954ல் மறைந்த அவரைப் பள்ளிக்கூடப் பாட்டுகளால்தான் நாம் அறிவோம். கல்வெட்டைப் படித்து, ஆதாரம் காட்டிக் கட்டுரை எழுதவும் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள் வழிக் கொடுமையைச் சொல்ல வந்தபோது கையில் எடுத்தது பாட்டு. அதுதான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'.

இன்றைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த முறையில் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். குடும்பத்தை ஆளும் காரணவர் கண்ணை மூடினால், மனைவி மக்களுக்கு உகந்துடைமை போன்ற சிறு உரிமைகள்தான், மற்றதெல்லாம் மருமகனுக்கு. கவிமணி இதை ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாயால் சொல்ல வைத்தார். சிரித்துக்கொண்டே போனால் கடைசியில் தொண்டை அடைக்கும்.

என் பாட்டி அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவள். மான்மியத்தில் பாதி அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "எங்க அம்மையைப் பெத்தவ பிள்ளைகளோட அந்த வீட்டை விட்டு எறங்கும்போ ஒரு செம்புப்பானை எடுக்க விடல்ல, மக்கா. அதைத்தான் இவரு பாடி வச்சிருக்காரு" என்றாள். அந்தக் கிழவியைக் கவிமணி பார்த்ததேயில்லை. வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிய பாட்டு எப்படி இவர்கள் வீட்டுக் கதை ஆயிற்று?

கொல்லம் 1101ல், அதாவது 1926ல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டு வந்தது. மனைவி மக்களுக்கு வாரிசுரிமை வந்தது. பாட்டு மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன்; சமுதாயத்தில் பலர் அதற்காகப் பாடுபட்டார்கள். ஆனால் இது அநியாயம் என்று அடுக்களை வரைக்கும் போய்ச் சொன்னது பாட்டுதான்.

பாட்டி காலமான பிறகு அவள் பெட்டியில் ஒரு பாகப்பத்திரம் கிடைத்தது. சட்டத்துக்குப் பின்னால் எழுதியது. வயல், பன்னிரண்டு தென்னை, கிணற்றில் கால் பங்கு. பக்கத்தில் பாட்டியின் அம்மை பெயர். செம்புப்பானையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. இருக்கவும் கூடாது, பத்திரத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். அந்த வறண்ட வசனம் கொடுத்த நிலத்தில் விளைந்த நெல்லில்தான் பாட்டி வளர்ந்தாள். அந்த வழியில் வந்து நான் நம் கல்லூரியில் ஃபீஸ் கட்டினேன்.

இரண்டில் எது உசத்தி என்று மொட்டை மாடியில் கேட்டவனுக்கு என் பதில் இதுதான். வசனம் ஒரு வீட்டுக்கு மட்டும் பொருந்த வேண்டும். அடுத்த வீட்டுக்கும் பொருந்தினால் வழக்கு. பாட்டு எல்லா வீட்டுக்கும் பொருந்த வேண்டும். ஒரு வீட்டோடு நின்றுவிட்டால் அது பாட்டில்லை. பத்திரம் இப்போது என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பாட்டியிடமிருந்து மான்மியத்தை மனப்பாடம் செய்துகொள்ளாமல் விட்டதுதான் என் குறை. வீட்டில் பாட்டி இருக்கிற தம்பி தங்கைகள் இந்த லீவிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.